இடும்பன் மலை அடியில் நான் நட்ட பலகை

அன்புள்ள செல்வி,

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளிக்காமலே பிரித்துப் படித்தேன். வைகாசியில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கல்யாணம், மாப்பிள்ளை உன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம் என்று எழுதியிருந்தாய். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வரியில்தான் நின்றுபோனேன். 'அம்மா இடத்தில் ஞானம்மா அத்தை நிற்பார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.' சங்கடம் என்ற சொல்லை நீ யோசித்துத்தான் போட்டிருப்பாய். வெட்கம் என்று எழுத வந்து, அப்பாவாயிற்றே என்று மாற்றியிருப்பாய். மாற்றியிருக்க வேண்டாம்.

கல்யாணம் ஆகப்போகும் பெண்ணுக்கு அப்பா எழுதும் கடிதத்தில் புத்தி சொல்வது வழக்கம். அப்படிச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், மேடை ஏறினால் இறங்காதவன், உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு காரியம் மட்டும்தான். அதில் பாதியை நீ கண்ணால் பார்த்தாய். மீதிப் பாதி உனக்குத் தெரியாது. அதையும் தெரிந்துகொண்டு, பிறகு என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய்.

வேலாண்டிப் பாகவதர் பெயரைக் கேட்டே நீ வளர்ந்தாய். பழனியில் பிறந்து, பழனி ஆண்டவர் மேல் கீர்த்தனைகள் பாடியவர் என்று நீ பேசக் கற்றுக்கொண்ட காலத்திலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். தைப்பூசத்துக்கு வருகிறவர்களில் பாட்டுத் தெரிந்த சிலர், "பாகவதர் இருந்த வீடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வருவார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டிப்போவேன். வருஷா வருஷம் சொன்னதையே சொல்லி அலுத்துப்போன பிறகுதான் அந்த யோசனை வந்தது. அவர் வாழ்ந்த இடங்களிலெல்லாம் தகரப் பலகை நட்டுவிட்டால், வழிகாட்ட ஆள் வேண்டாம்; ஒரு பலகையைப் படித்துவிட்டு அடுத்த பலகைக்கு அவரவரே நடந்து போகலாம். ஒவ்வொரு பலகையிலும் அந்த இடத்தில் அவர் பாடிய கீர்த்தனையின் முதல் அடியும் ராகமும் இருக்கும். பாடத் தெரிந்தவர்கள் நின்று பாடிவிட்டு நடக்கலாம். மலையைச் சுற்றுவது கிரிவலம் என்றால் இது பாகவதர் வலம் என்று பெயரும் வைத்தேன். பிறந்த வீடு, பாட்டுச் சாதகம் செய்த வையாபுரிக் குளக்கரை, முதல் கச்சேரி நடந்த பெரியநாயகி அம்மன் கோயில் மண்டபம் என்று போய், கடைசியில் இடும்பன் மலை அடிவாரத்தில் அவருடைய சமாதியில் அந்த நடை முடியும். ஊரே மெச்சியது. நானும் மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சமாதி அவருடையது இல்லை என்பது பலகை எழுதும்போதே எனக்குத் தெரியும். அது எப்படித் தெரிந்தது, தெரிந்தும் ஏன் மறைத்தேன் என்பதுதான் உனக்குத் தெரியாத பாதி.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அம்மாவை நெஞ்சு வைத்தியத்துக்கு மலைக்குக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? செண்பகனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வத்தலக்குண்டில் பஸ் மாறி ஏறும்போதே அம்மா என் தோளில் சாய்ந்துவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்த அன்றைக்குக் குளிரில் அவள் பற்கள் கிட்டிக்கொண்டன. அங்கே இருந்த நர்ஸ் ஒருவர் தம் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஞானம்மாள். அங்கிருந்த நாளெல்லாம் அம்மாவுக்குச் சளிக் கிண்ணம் பிடித்தது, தலை வாரிவிட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவர் கைதான். நான் வராந்தாவில் உட்கார்ந்து பொழுது போகாமல் பாடிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பாகவதருடைய சாவேரிக் கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஞானம்மாள் நின்றுவிட்டார்.

"இது எங்கப்பா பாட்டு சார்."

"எல்லாருக்கும் அவர் அப்பா மாதிரிதான்மா" என்றேன், பெருந்தன்மையாக.

"அப்படிச் சொல்லல சார். எனக்குச் சொந்த அப்பா. என்னை மடில போட்டு இதைத்தான் பாடுவாரு."

பாகவதர் ஐம்பது வயதில் குடும்பத்தைத் துறந்து சந்நியாசியாகப் போனார், பிறகு திரும்பி வந்து இடும்பன் மலை அடியில் அடங்கினார் என்பது ஊரில் வழங்கும் கதை. நானும் அதைத்தான் பேசிவந்தேன். அவர் துறக்கவில்லை. மூத்த மனைவி இறந்தபின் காசநோய் வந்து, ஒண்டியாக மலை ஏறியிருக்கிறார். அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் மேல் ஆசைப்பட்டிருக்கிறார். "அம்மாவைக் கல்யாணம் முடிக்கணும்னா ஞானஸ்நானம் எடுக்கணும்னு சொன்னாங்களாம். சரின்னு எடுத்துக்கிட்டாரு" என்று ஞானம்மாள் எளிதாகச் சொன்னார். சூசை என்று பெயர். அந்தப் பெயரில் சில ஞானப்பாட்டுகளும் கட்டினாராம். ஆனால் முருகன் பாட்டையும் விடவில்லை. மேகம் விலகிய நாளில், பழனி மலை தெரிகிற பக்கமாக டோலியில் தூக்கிப்போகச் சொல்லி, அங்கே உட்கார்ந்து பாடுவாராம். "உங்க அம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்றேன். "அம்மா கூடவே உக்காந்து கேக்கும் சார். குளுருதுன்னு மட்டும் சொல்லும்."

மறுநாள் அவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பாசி படிந்த சின்னக் கல். சூசை என்ற பெயரும் சிலுவையும் தவிர ஒன்றுமில்லை. பாகவதர் என்று அந்த மலையில் யாரும் அவரை நினைக்கவில்லை. சூசை என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவருடைய கடைசிக் காலத்துப் பாட்டுகள் எல்லாம் சிறு சிறு அடிகள். பழைய பாட்டுகளைப் போல நீண்டு போகாது, ஒரே அடியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளும் குறைவு. அது முதிர்ந்த பக்தி, சொல் அடங்கிய நிலை என்று நான் மேடையில் விளக்கம் சொல்லிவந்தேன். வார்டில் அம்மா ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கியதைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு மூச்சு இல்லை. இருக்கிற மூச்சுக்குத் தக்கபடி பாட்டை வெட்டித் தைத்திருக்கிறார்.

இதை ஊரில் போய்ச் சொல்ல எனக்குக் கால் பறந்தது. அம்மாவும் கட்டிலில் கிடந்தபடி, "எழுதிருங்க. அந்தப் பொண்ணு எத்தன வருசமா இதை நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு கெடக்கு" என்றாள். ஆனால் பஸ் மலை இறங்க இறங்க என் வேகமும் இறங்கியது. முருகன் பாட்டுக்காரர் கிறிஸ்தவ வேதத்துக்குப் போனார் என்று சொன்னால் யார் விழா எடுப்பார்கள்? இத்தனை வருஷம் நான் பேசியதெல்லாம் என்ன ஆகும்? பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அம்மா கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன். அவள் போன பிறகு கேட்க ஆளில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது என்று எழுத இந்தக் கை கூசுகிறது; ஆனாலும் எழுதுகிறேன்.

பிறகு நீ டீச்சராகக் கொடைக்கானலுக்குப் போனாய். அந்த ஊரில் உன்னைத் தேடி வந்து, "நீ ருக்குமணி மகதானே? உங்கம்மா மொகம் அப்படியே இருக்கு பாப்பா" என்று ஞானம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டதை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக எழுதினாய்! நான் அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பாகவதர் வலத்தின் திறப்பு விழாவுக்கு அவரையும் அழைத்து வருகிறேன் என்று நீ எழுதியபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. உனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தம் அப்பா யார் என்பதை வழியெல்லாம் அவர் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்று நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நான் அதை எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பாத்திரக் கடை வாசலில் பந்தல். பலகைகளுக்கும் பந்தலுக்கும் செலவு செய்த மில் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. நீயும் ஞானம்மாளும் வந்து ஓரமாக நின்றீர்கள். கரைபோட்ட வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, கழுத்தில் சின்னச் சிலுவை. முதலாளியின் கண் அங்கேதான் போயிற்று.

"யாரு வாத்தியாரே அந்தம்மா? புதுசா இருக்கு?"

ஒரு நொடிதான். அந்த நொடியில் எனக்கு எல்லாம் நினைவிருந்தது, செல்வி. கம்பளி நினைவிருந்தது, சளிக் கிண்ணம் நினைவிருந்தது. மறந்துபோய்ச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"பாப்பா கூட மேல இருந்து வந்துருக்குங்க. வேலைக்காரம்மா. சமையலுக்கு ஒத்தாசையா இருக்கும்."

உரக்கத்தான் சொன்னேன். நாதஸ்வரத்துக்கு மேலே கேட்க வேண்டுமே. நீ வாயைத் திறந்தாய். ஞானம்மாள் உன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிறகு அவர் செய்ததுதான் இன்றைக்கும் என்னைச் சாப்பிட விடாமல் செய்கிறது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தல் மூலையில் இருந்த பானகத் தட்டை எடுத்தார். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் தம்ளர் தம்ளராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் பொய் விழுந்துவிடாமல் அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இங்கிட்டு ஒண்ணு" என்று முதலாளி கை நீட்டினார், கொடுத்தார். எனக்கும் கொண்டுவந்தார். "குடிங்க சார், தொண்டை காஞ்சிருக்கும்" என்றார். நான் குடித்தேன். குடித்துவிட்டு, அவருடைய அப்பாவைப் பற்றி நெடுநேரம் பேசினேன். கைதட்டினார்கள். அவர் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நீ கத்தினாய். "இப்பவே போய்ச் சொல்லுங்கப்பா. இல்லன்னா நான் போய்ச் சொல்றேன்." நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஞானம்மாள்தான் உன்னை அடக்கினார். "விடு தாயி. நான் சண்டைக்கா வந்தேன்? எங்கப்பா நடந்த தெருவுல ஒருதரம் நடக்கணும்னு வந்தேன். காலைல வெள்ளனே நடந்துட்டு வெரசா பஸ் ஏறிருவோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "சாரும் வாங்க. வழி தெரியாது எனக்கு" என்றார். வழி கேட்க ஆள் வேண்டாம் என்றுதான் பலகையே நட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் கூட்டம் இல்லாத தெருவில் நாம் மூன்று பேரும் நடந்தோம். அவர் ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். பாத்திரக் கடை இன்னும் திறக்கவில்லை. பூட்டிய கதவைத் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குளக்கரைப் பலகையில் இருந்த கீர்த்தனையைப் பார்த்ததும் முதல் அடியை மெல்லப் பாடினார். வித்துவான் குரல் இல்லை, பிள்ளையைத் தூங்கப் போடும் குரல். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இங்கதான் கழுத்தளவு தண்ணில நின்னு சாதகம் பண்ணாராமா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தார். கோயில் வாசலில் உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்டார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், இங்கயிருந்தே தெரியுது" என்று மண்டபத் தூண்களை எட்டிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தயக்கமும் என் கணக்கில்தான் சேரும்.

கடைசிப் பலகைக்கு வந்தோம். 'பாகவதர் அடங்கிய இடம்' என்று நான் எழுதிக் கொடுத்த எழுத்துகள். அதன் கீழே செங்கல் மேடை, சுண்ணாம்பு அடித்து, முதல் நாள் போட்ட மாலை வாடிப்போய்க் கிடந்தது. அவர் படித்தார். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டில் ஒன்று நடந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"சார், இதுக்குள்ள யாரு இருக்காங்க?"

"ஏதோ ஒரு பண்டாரம்னு சொல்வாங்க. ரொம்பப் பழசு. யாருன்னு தெரியாது."

"அவருக்கும் ஒரு பேரு இருந்திருக்கும்ல சார்?"

அவ்வளவுதான் சொன்னார். தலையில் வைத்திருந்த பூவை எடுத்து, வாடிய மாலையை ஒதுக்கிவிட்டு, அந்த மேடையில் வைத்தார். தம் அப்பாவுக்கு வைக்கவில்லை. யாரென்றே தெரியாத, நான் பெயரை அழித்துவிட்ட அந்த மனிதருக்கு வைத்தார். பாகவதரிடமிருந்து அவர் கல்லறையைத் திருடினேன் என்பது வரை எனக்கு முன்பே தெரியும். இன்னொரு மனிதனின் கல்லறையையும் சேர்த்துத் திருடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு லீவுக்கு நீ வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று ஒருதரம்கூட நான் எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயே.

உன் கல்யாணக் கடிதம் வந்த வாரம் விழாக் கமிட்டி கூடியது. அங்கே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சூசை என்ற பெயரை, கல்லறையை, தட்டேந்தி வந்தது யார் என்பதை. மில் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தம்மா கையில பானகத்தை வாங்கிக் குடிச்சேனே! ஏன்யா எங்கிட்ட மறைச்சீரு? என்னை என்ன மனுசன்னு நெனச்சீரு?" என்று கத்தினார். அவர் கோபம் எதன்மேல் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு கிறிஸ்தவப் பெண் கையால் குடித்ததற்கு என்று நினைத்தேன். அதற்கில்லை, பாகவதர் மகளையே அவர் வேலை ஏவும்படி விட்டேன் என்றுதான். யாருக்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னேனோ அவருக்கு அது தேவைப்படவே இல்லை, செல்வி. அவரை நானே சின்ன மனிதராக அளந்து, அந்த அளவுக்கு ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் அவ்வளவு பெரிய மனது உள்ளவர்களாக இல்லை. வயதான ஒருவர், "மேல போய்ச் செத்தாருன்னு எங்கப்பனே சொல்லுவாரு. நீங்க படிச்சவுக எழுதுறீகளேன்னு நாங்க சும்மா கெடந்தோம்" என்றார். இன்னும் சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். காரியதரிசி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பலகை அப்படியே இருக்கட்டும், பக்தர்கள் மனம் புண்படும் என்று முடிவாயிற்று.

நான் மறுநாள் பகலில் கடப்பாறையோடு போனேன். அடிவாரத்தில் விபூதி விற்பவர் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, நீங்க வச்சத நீங்களே பிடுங்குறீக?" என்றார். "தப்பா எழுதிட்டேன்" என்றேன். இனி அவர்கள் வேறு பலகை நட்டாலும் நடுவார்கள். இதையெல்லாம் வீரம் என்று எண்ணிவிடாதே. கல்யாணச் செய்தி வந்திராவிட்டால் இதையும் செய்திருக்க மாட்டேன். மகளை இழந்துவிடுவேனோ என்ற பயம் வந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. இந்தக் கடிதத்தை நீ மாப்பிள்ளையிடம் காட்டு. யார் கேட்டாலும் படிக்கக் கொடு. புத்தி என்று ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: உன் வீட்டுக்காரர் என்றாவது பயந்து ஒரு பொய் சொன்னால், அவரைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்று நீ தட்டை எடுத்துவிடாதே. நீ பயந்து சொன்னால் அவரையும் எடுக்க விடாதே. ஞானம்மாளுக்கு இருந்த மனது எல்லாருக்கும் வராது. வந்தாலும் எதிரே இருப்பவன் அதைக் குடித்துவிட்டுப் பேசப் போய்விடுவான்.

அம்மா இடத்தில் அவர் நிற்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. அவர் பக்கத்தில் நான் நிற்பதில் அவருக்குச் சங்கடம் இருந்தால், நான் பந்தலுக்கு வெளியே நின்றுகொள்கிறேன். கன்னிகாதானத்தைச் சித்தப்பா செய்யட்டும். கல்யாணத்துக்கு முதல் நாளே செண்பகனூரில் இறங்கி, அவர் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். எனக்காக நீ அவரிடம் முன்கூட்டி மன்னிப்புக் கேட்டு வைக்காதே. இத்தனை நாளில் நான் ஒருதரம்கூட அதைக் கேட்கவில்லை. அதை நான்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது நீ பக்கத்தில் இருக்காதே, தாயி. நீ இருந்தால், உனக்காகக் கேட்கிறேன் என்று அவர் நினைத்து, உடனே சரி என்று சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
அப்பா